அம்மா கேட்ட கேள்வி: எத்தனை வருஷம் தாங்கும்?

எலும்பு டாக்டர் மேசைமீது வைத்த மாதிரி மூட்டை அம்மா கையில் எடுத்துப் பார்த்தார். மேலே பளபளக்கும் உலோகம், கீழே இன்னோர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவில் பால் வெள்ளையில் ஒரு வில்லை. நகத்தால் அதைச் சுரண்டினார்.

"இது பிளாஸ்டிக்தானே ஐயா? வெயில்ல கிடந்தா பால் மங்குகூட வெடிச்சுப் போயிரும். இது எத்தனை வருஷம் தாங்கும்?"

டாக்டர் சிரித்துவிட்டு, "நல்லா நடந்தீங்கன்னா இருபது வருஷம் ஓடும்மா" என்றார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும்தான். பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர் அவர். விடியலுக்கு முன் பிரட்டு, பிறகு நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்கள். அடிப்பட்டையில் வெட்டும்போது ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, முட்டியை மடக்கி எழ வேண்டும். முட்டி தேய்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் வைக்கப்போகும் பொருள் தேயாது என்று யார், எப்படிச் சோதித்தார்கள்?

நான் கூலிம் வட்டாரத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து ஒழுகுகிறதா என்று பார்ப்போம். ஒழுகினால் அந்தத் தொகுதிக்கே ஆபத்து. ஒரு தடவை போட்டுக் கழற்றி எறியும் பொருளுக்கே இவ்வளவு பாடு. உடம்புக்குள் வைத்துத் தைத்துவிடும் பொருளுக்கு என்ன சோதனை என்று அன்றிரவு படிக்கத் தொடங்கியவன், ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன்.

கதை இங்கிலாந்தில், விகன் நகருக்கு அருகே உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் தொடங்குகிறது. காசநோய்க்காகக் கட்டிய அந்த மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் இடுப்பு மூட்டை மாற்றும் முயற்சியில் இருந்தார். அதற்கு முன்பு அவரிடம் ஒருவர் வந்திருந்தார். வேறொரு வகை செயற்கை இடுப்பு பொருத்தப்பட்டவர். அவர் அசையும்போதெல்லாம் மூட்டு கிறீச்சிடுமாம்; அந்தச் சத்தம் தாங்காமல் மனைவி அறையைவிட்டே போய்விடுவாராம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், சார்ன்லிக்கு அதுதான் துப்பு. சத்தம் வருகிறது என்றால் உராய்வு அதிகம். உராய்வைக் குறைத்தால் மூட்டு நிலைக்கும்.

ஆகவே வழுக்கும் பொருளைத் தேடினார். கிடைத்தது டெஃப்லான், இன்று நம் வீட்டு ஒட்டாத தோசைச் சட்டியில் இருக்கும் அதே பொருள். 1950-களின் இறுதியிலிருந்து சுமார் 300 பேருக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் நடந்தார்கள். பாராட்டுகள் குவிந்தன. இரண்டு மூன்று வருஷத்தில் வலி திரும்பியது. திறந்து பார்த்தால் டெஃப்லான் வேகமாகத் தேய்ந்து, அதன் துகள்களைச் சுற்றி பாலாடைக் கட்டி போன்ற திசு திரண்டு, எலும்பையே அரித்திருந்தது. பெரும்பாலோருக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதாயிற்று. வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு என்ற பாடத்தைக் கற்றுக்கொடுத்தது அந்த 300 பேரின் இடுப்பு. அதை வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

பிறகுதான் ஹாரி கிரேவன் வருகிறார். மருத்துவமனைப் பட்டறையின் தொழில்நுட்பர். தேய்மானத்தை அளக்க அவரே ஒரு இயந்திரம் கட்டியிருந்தார். 1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் புது பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். லங்காஷயர் நெசவுத் தறிகளின் பல்சக்கரத்துக்காக விற்கப்பட்ட பொருள் அது. சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தைப் பதித்துப் பார்த்தார், நேரத்தை வீணாக்காதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிரேவன் கேட்கவில்லை. பெரியவர் வெளியூர் போயிருந்த சமயம் துண்டை இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை.

அந்தப் பொருள்தான் மிகை மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன். அம்மா நகத்தால் சுரண்டிய வெள்ளை வில்லை அதன் வாரிசு. (சார்ன்லியும் நகத்தால்தான் பார்த்தார் என்று அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா" என்றார்.)

இந்தத் தடவை சார்ன்லி அவசரப்படவில்லை. டெஃப்லானையும் புதுப் பொருளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். ஒன்பது மாதம் கழித்து டெஃப்லான் இருந்த இடம் கட்டியாகத் தட்டுப்பட்டது. பாலிஎதிலீன் இருந்த இடம் தெரியவே இல்லை. நோயாளிகளுக்கு 1962 நவம்பரில் வைக்கத் தொடங்கினார். இறந்த பிறகு தங்கள் செயற்கை மூட்டை ஆராய்ச்சிக்குத் தரச் சொல்லி நோயாளிகளிடமே கேட்டு வைத்தார், பலர் ஒப்புக்கொண்டார்கள்.

அதே பிளாஸ்டிக் நம் பக்கத்து இதயங்களிலும் துடிக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு இந்தியாவிலேயே இதய வால்வு செய்ய முனைந்தபோது, முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்துகூடப் பார்த்தார்கள். கடைசியில் கைகொடுத்தது பாலிஎதிலீன் தட்டுதான். 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். தயாரித்தது நம் சமையலறைக் குக்கரால் அறிமுகமான டிடிகே குழுமம்.

இன்று மூட்டுகளைச் சோதிக்க அனைத்துலகத் தர விதிகள் உண்டு. செயற்கை முழங்காலை இயந்திரத்தில் மாட்டி, உடல் எடையை ஏற்றி, 50 லட்சம் தடவை நடக்க வைப்பார்கள். 10 லட்சம் அசைவு என்பது ஏறக்குறைய ஒரு வருஷ நடை. மூட்டு நீருக்குப் பதிலாகக் கன்றுக்குட்டியின் சீரத்தை ஊற்றுகிறார்கள். வெறும் தண்ணீரில் தேய்மானம் உடம்பில் நடப்பதுபோல வருவதில்லை.

அம்மாவின் மங்கு சந்தேகமும் வீண் இல்லை. முன்பு இந்த வில்லைகளைக் காற்றோடு பொட்டலம் கட்டி, காமாக் கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கினார்கள். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கதிர்பட்ட பிளாஸ்டிக்கை மெல்ல மெல்ல நொறுங்க வைத்தது. இப்போது ஆக்ஸிஜன் புகாத பொட்டலம், சிலவற்றில் வைட்டமின் ஈ கலவை.

இயந்திரம் சொல்லாததும் உண்டு. 2010 ஆகஸ்டில் டிப்யூ நிறுவனம் உலோகத்தோடு உலோகம் உரசும் தன் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டுகளைத் திரும்பப் பெற்றது. உலகெங்கும் சுமார் 93,000 பேரின் உடம்பில் அது இருந்தது. சோதனைக் கூடத்தில் கிண்ணம் சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்கும். மனித உடம்பில் சற்றுச் சாய்ந்தால் விளிம்பு உரசி உலோகத் துகள் இரத்தத்தில் கலந்தது. வைத்த மூட்டுகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் பதிவேடுகள்தான் இதைக் காட்டிக்கொடுத்தன. சுவீடன் 1975-லேயே முழங்காலுக்குப் பதிவேடு தொடங்கிவிட்டது. மருத்துவக் கருவிகளுக்கென்று நம் நாட்டில் வந்த தனிச் சட்டம் 2012-ஆம் ஆண்டினது.

அந்தப் பதிவேடுகளில்தான் அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் இருந்தது. ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்து 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் 100-க்கு 82 வரை 25 வருஷம் தாங்குகின்றன. அம்மாவுக்கு வயது 67.

எனக்கு உறுத்தியது வேறொன்று. சோதனை இயந்திரத்தின் வழக்கமான நடைச் சுழற்சியில் முட்டி 60 பாகைகூட மடங்குவதில்லை. நம் வீட்டுப் பெண்கள் குந்தி அமரும்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மடங்கும். விதிகளை எழுதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அடுத்த சந்திப்பில் டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "சம்மணம் போடறது, குந்தறது ரெண்டையும் மறந்துரணும்மா. வலி போகும், நடப்பீங்க. அது போகாது, இது வராதுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

அம்மா யோசித்தார். "பூசை அறையில?"

"நாற்காலி போட்டுக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக் கழிவறையில் உட்காரும் கோப்பை மாட்ட ஆள் கூப்பிடச் சொன்னார். சுங்கை பட்டாணி தைப்பூசம் முடிந்த பிறகுதான் கத்தி வைக்கணும் என்று தேதியை அவரே தள்ளிப் போட்டார். பொருத்தப்போகும் மூட்டின் பெயர், தொகுதி எண் எல்லாம் ஒட்டிய தாளின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கியதும் அரிசி டின்னில் இருக்கும் நிலப் பத்திரத்தோடு அதையும் சேர்த்து வைப்பாராம்.