தீயில் விழுந்த மகன்

மாற்கு சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் பெயர் குறிப்பிடப்படாத ஒரு தகப்பன் வருகிறார். சின்ன வயதிலிருந்தே வலிப்பால் துடிக்கும் மகனை இயேசுவிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். பையன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடுகிறான் என்று கதறுகிறார். விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஊர்களான வெம்பக்கோட்டையிலோ ஏழாயிரம்பண்ணையிலோ ஒரு ஞாயிறு ஆராதனையில் இந்தப் பகுதியை வாசித்தால், போதகர் விளக்கம் சொல்லவே வேண்டியதில்லை. மகன் தீயில் விழுவது என்றால் என்னவென்று அங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்குத் தெரியும்.

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிவகாசி வட்டாரத்தில்தான் உருவாகிறது. மழையை நம்பி விதைக்க முடியாத கரிசல் பூமியில் வீட்டுக்கு வீடு சோறு போடுவது அந்த வேலைதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர், புகையைப் பார்த்து ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். வெடிமருந்து கலக்கும்போது உராய்வு என்ற ஒரு வரிக் காரணமும், நிவாரணத் தொகையும், காயம்பட்டவர்கள் எந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்ற தகவலும் வந்ததும் செய்தி முடிந்துவிடும். பிழைத்த மகனின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆழமான தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும். கழுத்து தாடையோடு ஒட்டும், விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கும். தோல் ஒட்டு அறுவை சிகிச்சை நடந்தாலும், தினமும் வலியோடு மூட்டுகளை நீட்டி மடக்கும் பயிற்சி செய்யாவிட்டால் கை வழங்காது. தழும்பு தடிக்காமல் இருக்க உடம்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஆடையை நாளுக்கு 23 மணி நேரம், ஒரு வருடம் அல்லது அதற்கு மேலும் போட்டிருக்க வேண்டும். விருதுநகர் வெயிலில் அது எவ்வளவு பெரிய தவம் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு நடுவே உறக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, எங்கோ வெடிச்சத்தம் கேட்டால் உடல் நடுங்குவது, கண்ணாடி முன் நிற்க மறுப்பது என்று மனத்தின் காயம் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ஊர் முழுக்கப் பட்டாசு செய்யும் இடத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து எங்கே போய் ஒளிவது?

இந்த நாட்களில் கிறிஸ்தவக் குடும்பங்களைத் தாங்கி நிறுத்துவது ஜெபம்தான். உபவாசம் இருக்கும் அம்மாவும், மருத்துவமனை வராந்தாவில் ஜெபமாலை உருட்டும் பாட்டியும் இல்லையென்றால் பல பையன்கள் பயிற்சியைப் பாதியிலேயே விட்டிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதே சபையிலிருந்துதான் இன்னொரு குரலும் வருகிறது. வீட்டில் என்ன பாவமோ என்கிறது. விசுவாசம் போதவில்லை என்கிறது. சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: யார் செய்த பாவம்? அவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொல்லிவிட்டார். வேதம் படிக்கிறவர்கள் இதற்கு மேல் அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மாற்கு சொல்லும் தகப்பனையே மறுபடி பாருங்கள். நம்புகிறேன், என் நம்பிக்கைக் குறைவுக்கும் நீரே உதவி செய்யும் என்றுதான் அவர் கண்ணீரோடு வேண்டினார். அந்த அரைகுறை விசுவாசம் போதுமானதாக இருந்தது. மகன் சுகமானான்.

வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் பக்தர்களுக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. அங்கே நடுத்திட்டு என்னும் இடத்தில் ஆலமரத்தடியில் மோர் விற்ற கால் ஊனமான பையன், ஏழை விதவையின் மகன். கையில் குழந்தையோடு தோன்றிய மாதா அவனிடம் மோர் கேட்டார். கொடுத்தான். பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு பெரியவரிடம் செய்தி சொல்லி வரும்படி அனுப்பினார். எழுந்தவனுக்குக் கால் சரியாகியிருந்தது. பரம்பரையாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று யாரும் காசு போடவில்லை. அவன் கொடுக்கக்கூடியதை அவனிடம் கேட்டார்கள், பொறுப்பான ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தார்கள்.

இதையே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையில் மருத்துவமாகச் செய்து காட்டினார் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை மூலம் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு வெளியே போனவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை; பார்க்கப் பரிதாபமாக இல்லாததால் பிச்சைகூடக் குறைந்துபோனது. அதன் பிறகுதான் 'புது வாழ்வு மையம்' ஏற்படுத்தி, அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். பின்பு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். ஆழ்ந்த விசுவாசி. அவர் கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. அவர் சுகமடையவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

சிவகாசிக்குச் சபை புதிதல்ல. கேம்பிரிட்ஜ் கல்லூரிப் பணியை விட்டுவந்து இந்தக் கிராமங்களில் ஊர் ஊராகச் சுற்றிய மிஷனரி ராக்லண்ட் 1858 அக்டோபரில் சிவகாசியிலேயே இறந்தார். பக்கத்துச் சாட்சியாபுரத்தில் அந்த மிஷனரிகள் வழிவந்த பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. கட்டடமும் ஆளும் பண்பாடும் இருக்கும் திருச்சபைகளிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. பிழைத்துத் திரும்பும் ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் ஜெபிக்கப் போகும்போதே அவனுடைய பயிற்சி நடக்கிறதா என்றும் கேளுங்கள். சிகிச்சைக்காக மதுரைக்குப் போய்வர வண்டிச் செலவைச் சபைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள். அவன் ஆராதனைக்கு வந்தால் பின்வரிசையில் உட்காரவிடாமல் பாட்டுக்குழுவிலோ ஞாயிறு பள்ளியிலோ ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தூக்கமில்லாமல் தவிக்கும் மகனுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருப்பதை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவையுங்கள், தமிழிலேயே பேசலாம்.