தழும்போடு எழுந்த கைகள்

விசுவாசமும் வாழ்வும் – 12

ஞாயிறுதோறும் கோயிலில் எழுந்து நின்று அப்போஸ்தலரின் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். ஆன்மா அழியாது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. உடல் உயிர்த்தெழும் என்றுதான் அறிக்கையிடுகிறோம். காய்த்துப்போன கையையும் நோய் தின்ற தோலையும் கடவுள் வேண்டாமென்று கழித்துவிடுவதில்லை என்ற நம்பிக்கை அது. இதை நம்புகிறவர் அன்றாடம் எப்படி வாழ்வது? வேலூரில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல் உதிரும் என்று மருத்துவர்களே நம்பிய காலம். பிராண்ட் அந்தக் கைகளைத் தொட்டு, விரல் விரலாகச் சோதித்தார். நோய் நரம்பைக் கெடுத்துவிடுவதால் அடுப்பு சுட்டாலும் ஆணி கிழித்தாலும் உறைப்பதில்லை. கவனிக்காமல் விட்ட காயம்தான் விரலைக் கொண்டுபோகிறது என்று கண்டார். நோய் தொடாத தசையின் நாணை எடுத்து, மடங்கிப்போன விரல்களோடு இணைத்து, அவற்றை மீண்டும் அசைய வைத்தார்.

சிகிச்சை முடிந்து போன சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். கை நிமிர்ந்ததும் பிச்சை போடுவோர் குறைந்துவிட்டார்கள். தொழுநோய் வந்தவர் என்று தெரிந்ததும் வேலை தரவும் ஆளில்லை. அதற்காகவே கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ உருவானது. சில குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. மரம் இழைக்கப் பழகினார்கள், பொம்மைகள் செய்தார்கள். புதிதாகக் காயம் பட்டிருக்கிறதா என்று தங்கள் கைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும் கற்றார்கள்.

ஒருமுறை தொழுநோயாளிகளின் கூட்டத்தில் பிராண்டைப் பேச அழைத்தார்கள். அவர் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். தச்சு வேலை செய்த கைகள், நோயாளிகளைத் தொட்ட கைகள், ஆணி பாய்ந்து மடங்கிய கைகள். பிறகு, உயிர்த்தெழுந்த பின்னும் தழும்போடு இருந்த கைகள். சீடர் தோமாவுக்கு இயேசு காட்டியது அந்தத் தழும்பைத்தானே! பிராண்ட் பேசி முடித்ததும், அதுவரை கைகளை மறைத்து வைத்திருந்தவர்கள் விரலற்ற உள்ளங்கைகளைக் கூப்பி, உயர்த்தி வணங்கினார்கள்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதலைப் பற்றியது. மரணத்தை வென்றாயிற்று என்று முழங்கிய கையோடு, ஆண்டவருக்காகப் படும் பாடு வீண்போகாது, உறுதியாக நின்று உழையுங்கள் என்று முடிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கமே எருசலேமின் எளியவர்களுக்காகக் காணிக்கை சேர்க்கும் ஏற்பாடு. வானத்தையும் உண்டியலையும் பவுல் பிரித்துப் பார்க்கவில்லை.

நாமும் பிரிக்கக்கூடாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயின் புண்ணைக் கழுவி மருந்திடுவது உயிர்ப்பின் வேலை. சாக்கடைக் குழிக்குள் ஒரு மனிதரை இறக்காதே என்று தடுப்பதும், குடியிலிருந்து மீண்டவரை நம்பி வேலை கொடுப்பதும் அதே வேலைதான். கடவுள் எழுப்பப்போகும் உடலை இன்று நாம் அவமதித்தால், ஈஸ்டர் அன்று பாடும் அல்லேலூயாவுக்கு அர்த்தமில்லை.

(தொடரும்)