கடைவீதி வாழ – 9: ஸ்கூடாய், மூன்றாண்டு வாடகையில் ஓர் ஊர்

மேற்குக் கரையோரமாக ஈப்போ வரை செல்லும் 5ஆம் கூட்டரசுச் சாலை தொடங்குவது ஸ்கூடாயில்தான். ஜோகூர் பாருவிலிருந்து வடக்கே ஏறும் முதலாம் சாலையை விட்டுப் பொந்தியான் பக்கம் திரும்புகிற முனை அது. அந்தச் சந்திப்பும் ஸ்கூடாய் ஆறும் சேர்ந்துதான் அங்கே ஒரு கடைவீதியை உண்டாக்கின. 1844இலேயே இந்த ஆற்றங்கரையில் காடு திருத்திப் பயிரிடச் சீனர்களுக்கு 'சூராட் சுங்கை' என்ற அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுக்கப்பட்டது. காம்பீரும் மிளகும் படகில் இறங்கிய காலம். அதன்பின் பால்மரம் வந்தது. பால்மரத்தோடு நம்மவர்கள் வந்தார்கள்.

தோட்டத்துக்கு டவுன் என்பது சம்பள நாள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தீபாவளிக்குத் துணி, தாலிக்குப் பொன், பிள்ளைக்குச் சிலேட்டு எல்லாம் அந்தக் கடைவரிசைகளில் கிடைத்தன, பெரும்பாலும் கடனில். ரினித் தோட்டம் இன்று முத்தியாரா ரினி என்ற குடியிருப்பு. தோட்டம் போய்விட்டது. தோட்டத்தின் பெயர் தமிழ்ப்பள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊரின் நடு எப்போது இடம் மாறியது என்று தேதி குறிக்க முடியாது. ஆனால் படிகள் தெரிகின்றன. 1985இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்கூடாய் வளாகத்துக்கு வந்தது. அதைச் சுற்றித் தாமான்கள் பெருகின. ஒவ்வொரு தாமானுக்கும் தனிக் கடைவரிசை முளைத்தது. 2006இல் இஸ்கண்டார் மலேசியா திட்டம் அறிவிக்கப்பட்டபோது கட்டுமானப் பணம் நுசஜெயா பக்கம் பாய்ந்தது. 2017 நவம்பர் 22 அன்று ஸ்கூடாய்க்கான நகராண்மைக் கழகம் இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றமாக உயர்ந்தது. அதே மாதக் கடைசியில் ஸ்கூடாய் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாரடைம் மால் திறந்தது. நெடுங்காலம் ஸ்கூடாய் முகவரியில் இருந்த நகராட்சித் தலைமையகம் இப்போது மெடினியில் இருக்கிறது. ஸ்கூடாய் என்ற பெயர் அகலமாகிக்கொண்டே போனது. அந்தப் பெயரைத் தாங்கிய பழைய கடைவீதி சாலையோரத்தில் ஒடுங்கியது.

இதற்கு வைத்தியமாக எப்போதும் சொல்லப்படுவது அழகுபடுத்தல். தோரணவாயில் கட்டலாம், வண்ண விளக்கு போடலாம், நடைபாதைக்குக் கல் பதிக்கலாம். நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் பிரிக்பீல்ட்ஸ். சுமார் 3.5 கோடி ரிங்கிட் செலவில் புதுப்பிக்கப்பட்ட அந்த லிட்டில் இந்தியாவை 2010 அக்டோபர் 27 அன்று அன்றைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் திறந்துவைத்தார்கள். தெரு பளிச்சென்று ஆனதை யாரும் மறுக்க முடியாது. பூமாலைக் கடைக்கும் புடவைக் கடைக்கும் முன்னால் நின்று படம் எடுக்க வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். போக்குவரத்து மாற்றத்தையும் கார் நிறுத்த இடமின்மையையும் பற்றி வியாபாரிகள் முறையிட்டதும் உண்மை. எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பணம் தெருவுக்குப் போனது. கடைக்காரரின் கூரைக்கும் மின்கம்பிக்கும் குத்தகைக்கும் போகவில்லை.

சென்ற வாரம் பார்த்த பினாங்கின் ஜார்ஜ் டவுன் வேறு வழியில் போனது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த பிறகு, அரசு முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் 2009இல் திங்க் சிட்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தை அதன் கையில் கொடுத்தது. வீட்டுக்காரர், சங்கம், கோயில் நிர்வாகம், கைவினைஞர் என்று பலரும் சிறு சிறு தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இடிந்த சுவரைச் சிமெண்டால் மூடாமல் சுண்ணாம்பால் பூசக் கற்றுக்கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான் பரவலானது. பிற்பாடு ஜோகூர் பாருவின் பழைய நகரப் பகுதியிலும் திங்க் சிட்டி வேலை செய்தது. நல்ல முறை, நான் மனமார ஆதரிக்கும் முறை. ஆனால் பினாங்கில் அது வந்த வரிசை தவறு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரி 1 முதல் இல்லாமல் போயிருந்தது. வாடகை ஏறி, தலைமுறையாக மேல்மாடியில் குடியிருந்தவர்களும் கீழே சிறு தொழில் செய்தவர்களும் வெளியேறிய பிறகே மானியம் வந்து சேர்ந்தது. பல கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கூடங்களாகவும் மாறின.

ஸ்கூடாய்க்கு உலகப் பாரம்பரியப் பட்டம் வராது, தேவையும் இல்லை. அங்கே கேட்கவேண்டிய கேள்வி எளியது: மானியம் வந்தால் யார் கையெழுத்துப் போடுவார்?

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். முன்புறம் குறுகிய, உள்ளே நீண்டு போகும் இரண்டு மாடிக் கடைவீடு. கீழே மசாலாவும் பூசைச் சாமானும் விற்கிறார்கள். மேலே ஓட்டுக் கூரை ஒழுகுகிறது, கீழே ஐந்தடிப் பாதையில் பக்கத்துக் கடைக்கும் இதற்கும் ஒரு படி உயர வேறுபாடு. சக்கர நாற்காலி ஏறாது, பாட்டிமார் தடுக்கி விழுவார்கள். கூரை, மின்கம்பி, படிச் சரிவு எல்லாவற்றுக்கும் 40,000 ரிங்கிட் ஆகும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதியை மானியம் தருகிறது. மீதி 20,000 கடைக்காரருடையது. இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் பெரும்பாலும் வேலை முடிந்தபிறகோ கட்டம் கட்டமாகவோதான் கைக்கு வரும்; முன்பணம் அவரே புரட்ட வேண்டும். கட்டுமான ஒப்பந்தக்காரர்களின் விலைப்பட்டியல்கள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ரசீதுகள் எல்லாம் வேண்டும். கடைசியாக, கட்டட உரிமையாளரின் ஒப்புதல் கடிதம். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் நிற்கிறது.

ஏனென்றால் நம் நாட்டில் கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிவு செய்யவேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் அது குத்தகை, நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவின் செலவும் அலைச்சலும் பார்த்து இரு தரப்பும் மூன்றாண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். பதினைந்து ஆண்டு தாங்கும் கூரையை மூன்றாண்டு வாடகைக்காரர் போடுகிறார். மூன்றாம் ஆண்டு முடிவில் புதுக்கூரையைக் காட்டியே வாடகை உயர்த்தப்படலாம். பொதுப்பணம் உரிமையாளரின் சொத்து மதிப்பில் போய்ச் சேர்கிறது, மசாலாக் கடை தாமானுக்குள் ஒதுங்குகிறது. உரிமையாளர் கெட்டவர் என்பதால் இது நடப்பதில்லை. சட்டம் அப்படி வழிவிட்டிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். ஸ்கூடாய்க் கடைவீதிக்கு மாநிலமோ மாநகர் மன்றமோ யார் மானியம் ஒதுக்கினாலும், உரிமையாளர் வெறும் ஒப்புதல் கடிதம் தந்தால் போதாது. குறைந்தது ஆறாண்டுக் குத்தகையைப் பதிவு செய்து தரவேண்டும்; வாடகை உயர்வுக்கும் அதிலேயே ஒரு வரம்பு இருக்கவேண்டும். பதிவுக் கட்டணத்தையும் வழக்கறிஞர் செலவையும் மானியத்திலேயே சேர்த்துவிடலாம். அப்படித் தருகிற உரிமையாளருக்கு மதிப்பீட்டு வரியில் சலுகையும் கொடுக்கலாம். அவருக்கும் லாபம் இல்லாமல் இது நடக்காது.

மானியத்தோடு நிபந்தனை வைப்பது புதிதல்ல. அமெரிக்காவில் 1974 முதல் நடக்கும் சமூக மேம்பாட்டு மானியத்தில் பெரும்பங்கு, 70 விழுக்காட்டுக்குக் குறையாமல், குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்படவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. செலவுத் திட்டம் போடும்போது மக்களைக் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். அங்கேயே 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று சிற்றூர்களில் கடைவீதிப் புதுப்பிப்பைச் சோதித்தபோது ஒவ்வோர் ஊரிலும் ஒரு முழுநேர மேலாளரை வேலைக்கு வைத்தார்கள். கதவு கதவாகப் போய்ப் பேசுவது, படிவம் நிரப்பித் தருவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் வேலை. நம் ஊரில் இந்த வேலையைக் கடைக்காரர்களே கல்லாவை விட்டு எழுந்து செய்யவேண்டியிருக்கிறது, அல்லது யாரும் செய்வதில்லை.

நம்மிடம் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு ஒழிந்தது. கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. கடைவீதிக்காரர் ஓட்டுப்போட்டு யாரையும் மாற்ற முடியாது. பினாங்கில் 2012 முதல் நடந்த பாலினச் சமத்துவப் பங்கேற்பு வரவுசெலவு முயற்சி இதற்கு ஒரு மாற்றைக் காட்டியது: மலிவு வீட்டுக் குடியிருப்பு மக்களையே கூட்டி, பணத்தை எதற்கு ஒதுக்குவது என்று அவர்களையே முடிவு செய்ய வைத்தார்கள். ஸ்கூடாயில் இதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2012இல் டோஹா பருவநிலை மாநாட்டில் வெளியிடப்பட்ட இஸ்கண்டார் மலேசியாவின் குறைந்த கரிமத் திட்டவரைவைத் தயாரிப்பதில் முன்னின்றது அதே ஸ்கூடாய் பல்கலைக்கழகம்தான். நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவம் பழைய கடைவரிசையில் உட்கார்ந்து கூரை, சாக்கடை, குத்தகைக் காலம், வாடகை ஆகியவற்றை ஒவ்வொரு கடையாகக் கணக்கெடுத்தால், எந்த ஆலோசகருக்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை.

இதற்கு அவசரம் உண்டு. ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரி 7 அன்று கையெழுத்தாகிவிட்டது. நீரிணையைத் தாண்டும் துரித ரயிலும் வருகிறது. நிலத்தின் விலை ஏறுமுகமாகும்போது ஆறாண்டுக் குத்தகைக்குச் சம்மதிக்கும் உரிமையாளர் குறைந்துகொண்டே போவார். இன்று ஓரளவு அமைதியாக இருக்கும் ஸ்கூடாய் கடைவீதியில் அந்தச் சம்மதத்தை இன்னும் கேட்டு வாங்க முடியும். மாநகர் மன்றத்தின் அடுத்த வரவுசெலவில் முதல் ஒதுக்கீடு விளக்குக் கம்பத்துக்கு வேண்டாம். ஒரு மேலாளரின் சம்பளத்துக்கும் இருபது குத்தகைப் பதிவுகளுக்கும் வைக்கட்டும்.

(தொடரும்)