ஆறு வீரரும் ஆறு பெயரும்

ஆயிரம் அட்டைத் துண்டுகளைப் பொருத்திப் படமாக்கும் ஜிக்ஸா விளையாட்டைப் பலர் அறிவர். 1760-களில் லண்டனில் தேசப்படம் செதுக்கிய ஜான் ஸ்பில்ஸ்பரி, சிறுவர்க்குப் பூகோளம் கற்பிக்க இத்தகையவற்றைச் செய்து விற்றார். இன்று யுத்தக் காட்சிகளும் இவ்வாறு விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, 1945 பிப்ரவரி 23-ந் தேதி ஜப்பானின் ஐவோ ஜீமாத் தீவில், சூரிபாச்சி மலைமீது அமெரிக்க மரீன் வீரர் அறுவர் கொடி நாட்டும் காட்சி. படம் பிடித்தவர் ஜோ ரோசந்தால்.

மேசைமீது அப்படம் சில நாட்களில் பூர்த்தியாகிவிடும். ஆனால் அவ்வறுவரின் பெயர்களைச் சரியாகப் பொருத்த மரீன் சேனைக்கு 74 ஆண்டுகள் பிடித்தன! படத்தில் முகங்கள் தெளிவாயில்லை; அறுவரில் மூவர் அப்போரிலேயே மாண்டனர். மாண்டவருள் ஹார்லன் பிளாக் நின்ற இடத்திற்கு வேறொருவர் பெயர் வழங்கிற்று. பத்திரிகையில் முதுகைக் கண்டே தம் மகனென்று கண்டுகொண்டார் தாய். சர்க்கார் அதை ஏற்றதோ 1947-ல்தான். பிறகு, தலைக்கவசம் முதலிய அடையாளங்களை மற்றப் படங்களோடு ஒப்பிட்டுச் சரித்திர ஆர்வலர் சிலர் மேலும் இரு பிழைகளைக் காட்டினர். 2016-லும் 2019-லும் அவை திருத்தப்பட்டன. அவ்வாறு இடம் பெற்ற ஹாரல்டு ஷுல்ட்ஸ், 1995-ல் இறக்குமளவும் அப்பெருமையைப் பகிரங்கமாகக் கோரியதேயில்லை.

தீர்ப்பான வழக்காயினும், புதுச் சாட்சியம் வந்தால் மறுபடி விசாரிப்பதே நியாயம். கீர்த்தி பெற்ற படமாயிற்றே என்று வாளாவிருந்தால், உயிரீந்தவன் பெயரிழந்து போவான். பிழையை ஒப்புக்கொண்டதால் அக்கொடி தாழ்ந்துவிடவில்லை.