வாலிபர்களும் உயில் சாசனமும்

உயில் எழுதுதல் முதியோருக்கு உரிய காரியம் என்பது கிராமங்களில் வேரூன்றிய எண்ணம். இருபத்தைந்து வயது வாலிபனிடம் அப்பேச்சை எடுப்பதே அபசகுனம் எனப் பெரியோர் கருதுவர். ஆயினும் மரணம் வயதின் வரிசைப்படி வருவதில்லை என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையார் நன்கு அறிவர். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் சங்கு குளிப்போரும் படகேறுவோரும் இன்றும் உளர். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஓகிப் புயலில் தென்கோடிக் கடலோரக் குடும்பங்கள் பல தம் மக்களை இழந்தன.

வாலிபனுக்கு எழுதிவைக்கச் சொத்து ஏது என்று கேட்பர். பாட்டனார் கொடுத்த வாழைத் தோட்டம், பனை விளை, உப்பளத்தில் ஒரு பங்கு, வள்ளம், வங்கி வைப்பு ஆகிய யாவும் சொத்தே. உயில் இன்றி அவன் இறந்தால், அவை யாரைச் சேரும் என்பதைச் சட்டமே தீர்மானிக்கும். அத்தீர்மானம் குடும்பத்தார் எதிர்பார்த்ததற்கு மாறாக இருத்தல் கூடும்.

அருகருகே வாழும் இரு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மணமாகாத ஒரு மகன் தாய் தந்தையரை விட்டு இறக்கிறான். அவன் ஹிந்துவாயின், 1956ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவன் சொத்து முழுவதும் தாயைச் சேரும், தந்தைக்கு ஒன்றுமில்லை. கிறிஸ்தவனாயின், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி முழுவதும் தந்தையைச் சேரும், தாய்க்கு ஒன்றுமில்லை. மணமாகி மக்கட்பேறு இல்லாதவனாயின், ஹிந்துக் குடும்பத்தில் மனைவியும் தாயும் சரிபாதியாக அடைவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்குப் பாதியும் தந்தைக்குப் பாதியும் சேரும். உழைத்துத் தேடியவனின் விருப்பம் எங்கும் கேட்கப்படுவதில்லை. அதனைச் சொல்லி வைக்கும் வழி உயில் ஒன்றே.

பதினெட்டு வயது நிரம்பிய, சித்த சுவாதீனமுள்ள எவரும் உயில் எழுதலாம். முத்திரைத் தாள் வேண்டியதில்லை. வெள்ளைக் காகிதம் போதும். எழுதியவர் கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுவோரையும் அவர்தம் கணவன் மனைவியரையும் சாட்சியாக்காதிருத்தல் நன்று. கிறிஸ்தவர் உயிலில் அவ்வாறு செய்தால் அவர்க்கு எழுதிய கொடை செல்லாது. பதிவு செய்தல் கட்டாயமன்று. ஆயினும் சப் ரிஜிஸ்திரார் கச்சேரியில் பதிவு செய்வது பிற்கால வழக்குகளுக்குத் தக்க காப்பாகும். சர்வே நம்பர், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிக்க வேண்டும். ஹிந்துக்கள் பொதுக் குடும்பச் சொத்தில் தமக்குள்ள பங்கையும் உயிலால் கொடுக்கலாம். முஸ்லிம்கள், கடனும் அடக்கச் செலவும் நீங்கிய மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி எழுத இயலாது.

வாலிபர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஷரத்து ஒன்று உண்டு. கிறிஸ்தவர் விவாகத்துக்கு முன் எழுதிய உயில், விவாகம் நடந்தவுடன் தானே ரத்தாகிவிடும். புதிய உயில் எழுதாவிடில், உயிலே இல்லாதவர் நிலைதான். ஹிந்துக்களின் உயில் விவாகத்தால் ரத்தாவதில்லை. ஆகவே பழைய உயில் அப்படியே நின்று, புதிதாக வந்த மனைவிக்கு ஒன்றுமில்லாமல் போகலாம். ஆதலின் விவாகத்தின்போதும் குழந்தை பிறந்தபோதும் உயிலைத் திருத்தி எழுதுதல் எவர்க்கும் அவசியம்.

வங்கி வைப்புக்கு நாமினி குறித்துவிட்டால் போதும் என்று பலர் நம்பியிருப்பர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. அதன்மேல் வாரிசுகளுக்குள்ள பாத்தியம் அழிவதில்லை. மேலும், கடலில் காணாமற்போனவர் இறந்தவராகக் கொள்ளப்படுவதற்குச் சட்டப்படி பொதுவாக ஏழாண்டுகள் செல்லவேண்டும். அதுவரை உயிலும் பயன்படாது. எனவே கடலுக்குச் செல்வோர், இருவருள் எவரும் எடுக்கத்தக்க கூட்டுக் கணக்கில் குடும்பச் செலவுக்கான பணத்தை வைத்திருத்தல் உசிதம்.

தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் இன்னார் எனக் காட்டுமேயன்றிச் சொத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. கிராம அதிகாரிகள் பட்டா மாறுதல் கேட்டு வருவோரிடம் இதனை எடுத்துச் சொல்லலாம். மகனுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்கும் தந்தை, அன்றே மகனையும் ஓர் உயில் எழுதச் செய்வாராயின், இரண்டு தலைமுறைக்கு வழக்கு நீங்கும்.