கிடாருக்குக் கடுக்காய்ச் சாயம்!

மரத்துக்குச் சாயம் ஏற்றுவது, பாலிஷ் போடுவதெல்லாம் ஆசாரி வேலை, நமக்கெதற்கு என்றுதான் நானும் இருந்தேன். போன வருஷம் என் பையன் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டான்.

கல்லூரியில் இரண்டு பேப்பர் போனதிலிருந்து அவனும் அவன் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த லட்சணத்தில் ஒரு குமிழ் மரப் பலகையை வாங்கி வந்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிடாருக்கு உடல் பாகத்தை அறுக்க ஆரம்பித்தான். "இது சோறு போடுமாமா?" என்று என்னிடம் கேட்டார் இவர். அவன் வாயே திறக்கவில்லை. கழுத்துப் பாகம், தந்தி என்று வாங்கியதிலேயே கைக்காசு தீர்ந்துவிட்டது. "அம்மா, கறுப்பா வேணும். ஆனா மரத்தோட ரேகை தெரியணும், பெயிண்ட் வேண்டாம்" என்றான்.

எனக்குக் கடுக்காய்தான் ஞாபகம் வந்தது. கலம்காரித் துணியில் கறுப்பு வருவது எப்படி? கடுக்காயில் தோய்த்த துணிமேல், இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணீரால் எழுதுவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு! மரத்துக்கு மட்டும் ஆகாதா என்ன?

வெல்லத்துக்குப் பதில் வினிகர் எடுத்துக்கொண்டேன். முதலில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் போட்டு ஒரு வாரம் வைத்தேன். ஒன்றுமே ஆகவில்லை. அது துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆயிற்றே! பிறகு பழைய இரும்பு ஆணிகளைப் போட்டேன். கண்ணாடி பாட்டிலின் மூடியை இறுக்கி மூடிவிடாதீர்கள், உள்ளே வாயு சேரும்.

அதற்குள் அவன் 120, 180, 220 நம்பர் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து முடித்தான். ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கடைசியில் ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்தால் மரத்தின் நார் முள்முள்ளாக எழும்பும். காய்ந்ததும் மறுபடி லேசாகத் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாயம் பட்டதும் சொரசொரப்பாகிவிடும். பசை சிந்திய இடத்தில் சாயம் பிடிக்காது. எங்களுக்குக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து, சுரண்டி மறுபடி பூச வேண்டியதாயிற்று.

கடுக்காய்ப் பொடியைக் கொதிக்க வைத்து வடிகட்டிப் பூசினோம். காய்ந்த பின் மேலே இரும்புத் தண்ணீர். தடவும்போது வெறும் சாம்பல் நிறம்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது பாருங்கள்! துண்டுக் கட்டையில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கையுறை அவசியம். மஞ்சள் தூள் சாயம் மட்டும் வேண்டவே வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துப் போகும்.

மேலே பூச எண்ணெய். "தேங்காய் எண்ணெய் போதுமே" என்றார் பக்கத்து வீட்டு மாமி. அது காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய்தான் காற்றோடு சேர்ந்து இறுகும். கடையில் 'பாயில்டு லின்சீட்' என்று கேட்க வேண்டும். அது சீக்கிரம் காய மருந்து கலந்தது. சாப்பாட்டுக்கு ஆகாது, குழந்தைகளின் மரப்பாச்சிக்கும் பூச வேண்டாம். மெல்லிசாகத் தடவி, இருபது நிமிஷம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். மறுநாள் அடுத்த பூச்சு. துடைக்காமல் விட்டால் பிசுபிசுக்கும்.

இனிச் சொல்லப் போவதை வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். மூன்றாம் நாள் துடைத்த துணிகளையெல்லாம் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் அமுக்கி, பின்கட்டில் வைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மகளின் மூன்று மாதக் குழந்தை தூளியில் தூங்குகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ தீய்கிற வாடை. இவர்தான் எழுந்து போனார். துணிக்குள்ளிருந்து புகை! வாளியின் அடி இளகியிருந்தது. "டேய், தண்ணி கொண்டாடா!" என்று இவர் கத்த, பையன் குடத்தோடு ஓடி வந்தான்.

தீக்குச்சி எதுவும் வேண்டாம். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கிறது. சுருட்டி வைத்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானே பற்றிக்கொள்ளும். எண்ணெய் விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதெல்லாம் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் துணியைப் போட்டு மூடி, வெளியே வைக்கிறேன். அல்லது வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடலாம்.

மறுநாள் சாயங்காலம் மாடிக்குப் போனேன். "இந்த ஓரத்துல பிசுபிசுங்குது பார், ஒழுங்காத் துடை" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது பூச்சை இவரேதான் துடைத்தார்.