ஒரே பந்தி

பஞ்சாபியில் ‘பங்கத்’ என்னும் சொல், வரிசையாக அமர்ந்து உண்பதைக் குறிக்கும். நம் ‘பந்தி’யும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால், பந்தியில் யாருடன் யார் அமரலாம் என்பதில் நம் ஊர்களில் நெடுங்காலம் தடைகள் இருந்தன, பஞ்சாபிலும் இருந்தன. அத்தடையை வழிபாட்டின் பகுதியாகவே தகர்த்த இடம், சீக்கியரின் குருத்துவாரா.

பேரையூரிலிருந்து இராமேசுவரம் செல்வோர் அங்கே ஒரு குருத்துவாராவைக் காணலாம். குருநானக் (1469 - 1539) அவ்வூருக்கு வந்தார் என்னும் மரபின் நினைவாக எழுந்தது அது. தலையை மறைத்து, காலணி நீக்கி எவரும் உள்ளே செல்லலாம். அங்குச் சிலை இல்லை. விதானத்தின்கீழ் குரு கிரந்த சாகிபு என்னும் நூலே வீற்றிருக்கிறது. 1708 முதல் சீக்கியருக்கு அந்நூலே குரு. குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல்தொழிலாளர் இரவிதாசர், சூஃபி ஞானி சேக் ஃபரீது ஆகியோரின் பாடல்களும் அதில் உள்ளன. இரவிதாசரின் பாடலை வணங்கிவிட்டு, அவர் குலத்தவர் அருகில் அமர மறுப்பது எங்ஙனம்?

வழிபாட்டை அடுத்து ‘லங்கர்’ என்னும் பொது உணவு. மூன்றாம் குரு அமர்தாசர், தம்மைக் காண வருவோர் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என விதித்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டார் என்பர். எம்மதத்தவரும் தயக்கமின்றி உண்பதற்காகச் சைவ உணவே பரிமாறப்படுகிறது. காய் நறுக்குவோர், சப்பாத்தி சுடுவோர், பாத்திரம் துலக்குவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத் தொண்டர்களே. வந்தோரின் காலணிகளைத் துடைத்து அடுக்குவதும் அங்கே தொண்டுதான். செல்வர்களும் அதனை விரும்பிச் செய்வர்.